கட்டிலுக்கடியில் சாமி

என்னங்க, உங்கள் இருமல் நின்றதா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? எனக்கு ஒன்றுமில்லை, அடித்துப்போட்டாற்போல் அலுப்புதான்.

நான் வேலைக்கு வந்து வளர்க்கும் இந்த வீட்டுக் குழந்தை நேற்றுப் பாலைக் கொட்டிவிட்டு, சாமிக்குத் தெரியக்கூடாதென்று கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள். “சாமி பாத்துக்கிட்டே இருக்கு, கண்ணைக் குத்தும்” என்று மிரட்டி வைத்தவள் நான்தான். வெட்கமாகிவிட்டது. நானும் தவழ்ந்து உள்ளே போய், “குத்தாதுடா. கூடவே இருந்து உன்னைப் பாத்துக்கும்” என்றேன்.

“உங்க பாப்பாவையும் பாத்துக்குமா?”

“ம்” என்றேன்.

நம் பாப்பாவையும் அப்படித்தானே மிரட்டிவிட்டு வந்தேன்? அம்மா தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று சொல்லுங்கள். இடுப்புக்குத் தைலம் அனுப்புங்கள். சாயங்காலம் நேரத்தோடு வீடு திரும்புங்கள். சாமி கூடவே இருந்தாலும், அவளுக்குத் தலை பின்னிவிட நீங்கள்தான் வேண்டும்.

குழந்தை எழுந்துவிட்டாள், போகிறேன்.