கோணேசர் கோயிலில் மூன்று சுற்று

வேங்கிக்கால், திருவண்ணாமலை
9 ஜூன் 2025

அன்புள்ள கஸ்தூரிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. அருணாதேவிதான் எழுதுகிறேன். ஊருக்குப் போன புதிதில் நீ எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாத அதே அருணா. அந்த உறையின் பின்னால் இருந்த உன் சித்தி வீட்டு முகவரியை நம்பித்தான் இதை அனுப்புகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடம் ஆகிறதென்று என் வீட்டுக்காரர் கப்பல் டூருக்குப் பணம் கட்டிவிட்டார். சென்னையில் ஏறி ஐந்து நாள். சாத்தனூர் அணையில் போட் ஏறினாலே வாந்தி எடுக்கிற மனுஷன்! எதற்கு இந்த வேலை என்று ஒரு வாரம் சண்டை போட்டேன். அப்புறம் நோட்டீஸைப் படித்தேன். ஆகஸ்ட் இருபதாம் தேதி காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை கப்பல் திருகோணமலையில் நிற்கிறதாம். சண்டையை அதோடு நிறுத்திவிட்டேன்.

2011இல் நீ இலங்கைக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும், உன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதனால்தான் போன் நம்பர் கேட்கவில்லை. போனில் கேட்டால் "சரி விடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

வருவாயா?

உன்
அருணா


திருகோணமலை
4 ஜூலை 2025

அருணாவுக்கு,

கிழிக்கவில்லை. பிரிக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன், அவ்வளவுதான். சித்தி வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் நானும் இருக்கிறேன். தையல் கடை வைத்திருக்கிறேன், ஒரு மகள் இருக்கிறாள். அம்மா போய் ஆறு வருடமாகிறது. கடைசிவரை உன்னை விசாரித்தார். "அந்தக் குண்டுப் பொண்ணு நல்லா இருக்குதா?" என்று கேட்பார். நல்லாத்தான் இருக்கிறாள் என்று பொய் சொன்னேன். எனக்கென்ன தெரியும்?

அங்கே இருபத்தோரு வருடம் அகதி முகாமில் இருந்தேன், எல்லோருக்கும் நான் சிலோன்காரி. இங்கே வந்து வாயைத் திறந்ததும் இந்தியாக்காரி என்றார்கள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட நீ ஒருத்திதான் என்னைக் கஸ்தூரி என்று மட்டும் கூப்பிட்டாய். அதனால்தான் அன்றைக்கு அப்படி வலித்தது.

துறைமுகத்துக்குள் எங்களை விடமாட்டார்கள். கப்பலிலிருந்து உங்களை ஏற்றிவரும் பஸ் கோணேசர் கோயிலுக்குக் கட்டாயம் வரும். அங்கே நிற்கிறேன். கோட்டை வாசலில் மான் கூட்டம் இருக்கும், வேடிக்கை பார்த்து நேரத்தை விட்டுவிடாதே.

கஸ்தூரி


வேங்கிக்கால்
26 ஜூலை 2025

என் கஸ்தூரிக்கு,

உன் கடிதத்தை ஆபீசுக்கு எடுத்துப் போய் ஃபைலுக்குள் வைத்துப் படித்தேன். "என்னா மேடம், கண்ணெல்லாம் செவந்து கெடக்குது?"ன்னு அட்டெண்டர் கேட்டார். மெட்ராஸ் ஐ என்று சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டு ஆள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அம்மா செய்தி தெரியாமல் போச்சே. நான் பாவி.

கோயிலில் நாற்பது நிமிடம் விடுவார்களாம். உனக்கு ஆரணிப் பட்டு ஒன்று எடுத்திருக்கிறேன், மாம்பழக் கலர். இன்னும் அந்தக் கலர் பிடிக்கும்தானே? நான் இப்போது இன்னும் குண்டு. தேட வேண்டிய அவசியமே இருக்காது.

அருணா


கப்பலில்
21 ஆகஸ்ட் 2025

கஸ்தூரி,

நீ வந்தாயா, வரவில்லையா? அது தெரியாமல் நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பத்தே முக்காலுக்குக் கோயிலில் இறக்கிவிட்டார்கள். கப்பல் ஜனம் முழுக்க ஒரே நேரத்தில் உள்ளே போனது, கால் வைக்க இடமில்லை. பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டே உன்னைத் தேடினேன். பள்ளிக்கூடத்தில் பார்த்த மாதிரியே ஒல்லியாக, ரெட்டைச் சடை போட்ட ஒருத்தியைத் தேடுகிறேன், என் புத்தியைப் பார்! நாற்பத்து நான்கு வயதில் யார் ரெட்டைச் சடை போடுவார்கள்? பூக்காரரைக் கேட்டேன், ஐயரைக் கேட்டேன். "கஸ்தூரி, தையல் கடை வெச்சிருக்காங்க" என்று எல்லோரையும் பிடித்துக் கேட்டேன்.

இரண்டாவது சுற்றில் இவர் சொன்னார்: "ஏம்மா, ஒரு வாட்டி இப்படித் திரும்பி எதிர்ப்பக்கமா போய்ப் பாரேன். அவங்களும் சுத்திக்கிட்டு இருந்தா நேரா எதிர்ல வந்துடுவாங்க இல்ல?"

அவர்மேல் பாய்ந்துவிட்டேன். "அண்ணாமலையாரைச் சுத்தியே வளந்தவங்க நாங்க. இடப்பக்கமா சுத்தச் சொல்றீங்களே, பைத்தியமா உங்களுக்கு?" என்றேன். மூன்றாவது சுற்றும் வலமாகத்தான் போனேன். அதற்குள் கைடு மஞ்சள் கொடியை ஆட்டிவிட்டான்.

சேலைப் பையை வெளியே வளையல் கடை அம்மாவிடம் உன் பேர் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நீ வரவில்லையென்றால் அது எனக்கு வேண்டியதுதான். ஆனாலும் ஏன் வரவில்லை என்று ஒரு வரி எழுது.

நேரில் சொல்ல வைத்திருந்ததை இதிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போகிற முடிவை எடுத்துவிட்டுக் கடைசியாகத்தான் என்னிடம் சொன்னாய். என்னைக் கேட்காமல் எப்படிப் போவாள் என்று எனக்கு வீம்பு. அன்றைக்கு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன். வேறு காரணமே கிடையாது. உடம்பு சரியில்லை, பஸ் கிடைக்கவில்லை என்று ஏதாவது எழுதலாம்தான். உன்னிடம் பொய் வரவில்லை.

அருணா


திருகோணமலை
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அருணா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். சொல்லாமல் விட்டால் எனக்கு நல்ல சாவு வராது, அதனால் சொல்கிறேன்.

நான் வந்தேன். ஒன்பது மணிக்கே வந்துவிட்டேன். நீ உள்ளே நுழைந்ததையும் பார்த்தேன். முகத்தைக் கூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, உன் நடை போதும். கூப்பிட வாயைத் திறந்தேன். பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு டிரைவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இருபது நிமிடம் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தேனடி. அம்மா, "வரமாட்டா, ஏறு புள்ள" என்றார். நான் ஒவ்வொரு ஆட்டோவுக்குள்ளும் குனிந்து பார்த்தேன்.

இவளும் கொஞ்சம் தேடட்டும் என்று உன் பின்னாலேயே நடந்தேன். பத்தடி தூரம்தான். முதல் சுற்று முழுக்கக் கோபத்தில் நடந்தேன். நீ பூக்காரரிடம் என் பேரைச் சொல்லிக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, பாவி நான்.

உன் வீட்டுக்காரர் உன்னைத் திரும்பச் சொன்னதும் என் காதில் விழுந்தது. அப்படியே நின்றுவிட்டேன். நீ திரும்பியிருந்தால் என் மேல்தான் மோதியிருப்பாய். நீ அவரைத் திட்டிய திட்டைக் கேட்டு, பின்னால் நின்றுகொண்டு சிரித்துவிட்டேன். சிரித்ததோடு கோபமும் போய்விட்டது. கூப்பிடலாம் என்றால், இவ்வளவு நேரம் பின்னாலேயே நடந்தவளை நீ என்ன நினைப்பாய் என்று வெட்கம். மூன்றாவது சுற்று அந்த வெட்கத்திலேயே போய்விட்டது.

மஞ்சள் கொடியைப் பார்த்ததும் ஓடிவந்தேன். "அருணா"ன்னு கத்தினேன். பஸ் கண்ணாடி மூடியிருந்தது. நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

பஸ் ஸ்டாண்டில் நீ எனக்குச் செய்ததைவிட இது கேவலம். நீ வராமல் இருந்தாய், நான் வந்து நின்றுகொண்டே வராதவள் ஆனேன். சேலை கிடைத்தது. அதைக் கட்டிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. உனக்குத் திருப்பி அனுப்பட்டுமா?

நீ இதற்குப் பதில் போடாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

கஸ்தூரி


வேங்கிக்கால்
3 அக்டோபர் 2025

அடி கஸ்தூரி,

படித்ததும் கடிதத்தைச் சுருட்டி எறிந்தேன். இவர்தான் எடுத்துப் படித்துவிட்டு, "நான் அன்னிக்கே சொன்னேன், திரும்பிப் பாருன்னு" என்று ஆரம்பித்தார். அவருக்கு இரண்டு நாள் காபி கிடையாது.

மூன்றாம் நாள் ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை வருடம் கழித்தும் என்மேல் அவ்வளவு கோபத்தை ஒருத்தி பத்திரமாக வைத்திருந்தாளே! வேண்டாதவள்மேல் யாருக்கு இப்படிக் கோபம் வரும்?

சேலையைத் திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவேன்.

பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். "மறுபடியுமா மேடம்?" என்று சூப்பிரண்டு முறைத்தார். சொந்தத்தில் விசேஷம் என்றேன். நவம்பர் எட்டாம் தேதி விமானத்தில் கொழும்பு, அங்கிருந்து ராத்திரி பஸ். ஒன்பதாம் தேதி காலையில் உன் வீட்டு வாசலுக்கு வருகிறேன். இவர் வரவில்லை, நான் மட்டும்தான்.

உன் கோபத்தில் மிச்சம் ஏதாவது இருந்தால் கதவைத் திறக்காதே. நான் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். பத்து நாள் இருக்கிறது எனக்கு.

உன்
அருணா