பந்தய டயரை மாட்டவில்லை, குமரா

என் கூடப்பிறந்த தங்கமே, குமரா,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். சரோஜாவும் நன்றாக இருக்கிறாள். இரண்டு பேரும் இப்போது என் வீட்டில்தான் தூங்குகிறார்கள். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து முன்னே பின்னே இருக்கும், நீ பொறுத்துக்கொள்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனபோது உன் பெண்டாட்டிக்கு வயிறு தெரியவில்லை. பிள்ளை வருகிறது என்று உனக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டுதான் போனாயா? சரோஜாவிடம் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். பந்தயத்துக்கு என்று ஆசையாக வாங்கி, இதைத்தான் மாட்டணும் என்று சொல்லி, சாக்கில் சுற்றி, உத்தரத்தில் கட்டி வைத்திருந்தாயே நான்கு டயர்கள், அவற்றை உன் சிவப்புக் காருக்கு நாங்கள் மாட்டவில்லை. மலாக்காவில் கொடுத்துவிட்டோம். நான்தான் கொடுக்கச் சொன்னேன்.

ஊருக்குத் திரும்பிய துரை, என்ஜின் உடைந்து கிடந்த அந்த ரெண்டு சீட்டு வண்டியை உன் தலையில் கட்டியபோது தோட்டமே சிரித்தது. பட்டறை வேலை முடிந்து வந்து, இருக்கிற நேரமெல்லாம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து அதை ஓட வைத்தாய். துணிக்கூரையை மடக்கிவிட்டு சிம்பாங் அம்பாட் சந்தைக்கு நீ என்னைக் கூட்டிப்போன அன்று, என் கொண்டை அவிழ்ந்து, கடைக்காரச் சீனன்கூட எழுந்து நின்று பார்த்தான். அந்த வண்டியில் கர்ப்பிணியை ஏற்றுவோம் என்று யார் கண்டது?

டாக்டர் அப்படிச் சொல்லிவிட்டார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, வலி கண்டதும் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துவிடுங்கள் என்றார். எப்படி ஓடுவது? நீ இருந்தபோது போலவே இன்னும் அவசரகாலம்தான். லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி. பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் ரப்பர் காட்டு வளைவில் ஒரு பஸ்ஸைக் கொளுத்திய பிறகு டாக்சிக்காரர்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தோட்டத்து லோரியின் குலுக்கலை அந்த வயிறு தாங்காது. உன் கார் ஒன்றுதான் இருந்தது. அதன் டயரோ தேய்ந்து நூல் தெரிந்தது.

சரோஜா உத்தரத்தைக் காட்டினாள். என் வீட்டுக்காரர், உன் மாமாவும் சரி என்று சொல்லி, தான் ரப்பர் ஷீட் ஏற்றிப்போகும் லோரியில் அந்த நான்கையும் போட்டு, மலாக்காவில் காசிம் நானாவின் டயர் கடையில் இறக்கி வைத்தார். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது மூன்று பேரும் கடைக்குப் போனோம். நான் சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் மூட்டையோடு மூட்டையாக மடங்கி உட்கார்ந்து போனேன். நீ பார்த்திருந்தால் மாசக்கணக்கில் சொல்லிச் சிரித்திருப்பாய்.

காசிம் நானா உன் டயரைத் தடவிப் பார்த்தார். நகத்தால் அழுத்தினார், பள்ளம் விழுந்தது. குமரேசனுக்கு நல்ல கண்ணு என்று உன்னைப் புகழ்ந்தார். மாட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எங்க போறதுக்கு, தங்கச்சி? அத மொதல்ல சொல்லுங்க."

சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. இந்த ரப்பர் மெத்தென்று இருக்கும், காய்ந்த ரோட்டில் பசை போல ஒட்டும், வளைவில் விடாது. ஆனால் மழைத் தண்ணீரை ஒதுக்கிவிட இதில் பூ இல்லை, தண்ணீர் நின்றால் வண்டி அதன்மேல் மிதந்து போகும் என்றார். டயரில் வெட்டியிருக்கும் கோட்டைத்தான் இங்கே பூ என்கிறார்கள். நம் வளைவில் மழையும் உண்டு, அதோடு ரப்பர் இலையும் உதிர்ந்து கிடக்கும். உனக்குத் தெரியாததா?

உன் மாமா உடனே கட்டை கட்டையாகப் பூ வெட்டிய ஒரு தடி டயரைக் காட்டி, இதுதான் சேற்றில் இழுக்கும், இதைப் போடுங்கள் என்றார். அது மண் பாதைக்கு உள்ளது, உங்கள் சின்ன வண்டியின் மட்கார்டில் இடிக்கும், தார் ரோட்டு வளைவில் ஆட்டம் காணும் என்றார் நானா. "லோரிக்காரருக்கு எல்லா வண்டியும் லோரிதான் லா" என்று வேறு சொன்னார். உன் மாமாவுக்குக் கோபம். வெற்றிலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அப்புறம் நானா இன்னொன்றை உருட்டி வந்தார். பார்வைக்கு ஒன்றுமில்லை. நீளவாக்கில் ஆழமாகக் கோடு, ரப்பர் கொஞ்சம் கெட்டி. வேகம் போக மாட்டீர்கள், ஆனால் ஈர ரோட்டில் பிரேக் போட்டால் நிற்கும் என்றார். உன் நான்கையும் எடுத்துக்கொண்டு இதைத் தருவதாகச் சொன்னார்.

சரோஜா உன் டயர்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். உனக்கு முன்னால் உரக்கப் பேசாதவள், கடைக்காரர் முன்னால் பேசினாள்.

"அவரு கை பட்டது, அக்கா. எம் பிள்ள இதுல போனாத்தான் அவரும் கூட வர்ற மாதிரி."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உன் மாமா வாசலிலிருந்தே சமாதானம் சொன்னார், முன்னால் ரெண்டு குமரனுடையது, பின்னால் ரெண்டு புதுசு, யாருக்கும் மனக்குறை இல்லை என்று. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கல்யாணப் பந்தியில் இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் சமமாகப் பரிமாறுகிற மாதிரிதானே?

காசிம் நானா தலையில் அடித்துக்கொண்டார். அதைவிட மோசம் எதுவும் இல்லையாம். முன்னால் ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி என்றால் வளைவில் வண்டி தட்டாமாலை சுற்றிவிடும், மாட்டினால் நான்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு கடை பாருங்கள் என்று கையை விரித்துவிட்டார்.

சரோஜா என்னைப் பார்த்தாள். உன் மாமாவும் என்னைப் பார்த்தார். உன்னிடம் கேட்க முடிந்தால் கேட்டிருப்பேன். நீ என்ன சொல்லியிருப்பாய், குமரா?

நான் சரோஜாவின் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். "அவன் கூட வர்றது இருக்கட்டும், சரோஜா. நீ வந்து சேரணும்" என்றேன். அவள் அழுதாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வலி கண்ட அன்று மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. கேட்டில் காவலர்கள் என் மூட்டையைப் பிரித்து, காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறோமா என்று பார்த்தார்கள். குழந்தைத் துணிதான் இருந்தது. அவர்களில் ஒரு மலாய்க்காரப் பையன் சரோஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே ஓடிப்போய்க் கம்பிக் கதவைத் திறந்துவிட்டான்.

மழை என்றால் அப்படி மழை. துணிக்கூரை ஒழுகி என் முதுகு நனைந்தது. உன் மாமா எப்படி ஓட்டுவார் என்று உனக்குத் தெரியும், மாட்டு வண்டி முந்திக்கொண்டு போகும். அன்றைக்கு அவரும் மிதித்தார். ரப்பர் காட்டு இறக்கத்தில், அந்த வளைவில் திரும்புகிறோம், ராணுவ லோரி ஒன்று பழுதாகி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. உன் மாமா "முருகா" என்று பிரேக்கை அழுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வண்டி நின்றது, குமரா. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாமல், நேராக நின்றது. கண்ணைத் திறந்தபோது லோரியின் பின்பலகை கை எட்டும் தூரத்தில் இருந்தது. உன் மாமா இன்னும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. சரோஜா பல்லைக் கடித்துக்கொண்டு, "நிக்காதீங்க அண்ணே, போங்க" என்கிறாள். சிப்பாய்கள் சேற்றில் இறங்கி எங்களுக்கு ஓரமாக வழி காட்டி விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று நர்ஸ் ஆரம்பித்தாள். அதற்கு மேல் சொல்லாதே அம்மா என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் தாழ்வாரத்துச் சிமெண்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போனதிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் அன்றைக்குத்தான் இறங்கியது. அழுதேன். ஆனால் அது வேறு அழுகை.

அதற்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறேன். உன் பேச்சை மீறிவிட்டோமே என்று உறுத்தும் என்று நினைத்தேன். உறுத்தவில்லை. செத்தவன் சொல்லைத் தட்டக் கூடாது என்று லயத்தில் ஒருத்தி சொன்னாள். நீ உயிரோடு இருந்தபோதே உன் சொல்லை எத்தனை முறை தட்டியிருக்கிறேன்! சண்டை போட்டு, மறுநாள் ஒன்றாகத்தானே பசியாறினோம்?

உன் மகள் வளர்ந்து, அப்பா எப்படி இருந்தார் என்று கேட்பாள். மாலை போட்ட படத்தைக் காட்டி, அவன் தப்பே செய்யாதவன் என்று சொல்லமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. கெட்டிக்காரன், பிடிவாதக்காரன், கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வான், தான் செய்தது தப்பென்று தெரிந்தால் அவனே முதலில் சிரித்துவிடுவான் என்று உள்ளதை உள்ளபடி சொல்வேன். அவள் உன்மேல் ஆசையும் வைக்கட்டும், உன்னோடு வழக்கும் பேசட்டும். வழக்கு என்று வந்தால் நான் அவள் பக்கம்தான், இப்போதே சொல்லிவிட்டேன்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த
அக்கா செல்லம்மா