ஐஸ் படாத கிழங்கான்

ஜனவரி 18, வியாழன்
காலையில் வாடைக்காற்று. பிலோமிக்கு அரை இட்லி. அதுவும் வாந்தி. புற்றுநோய்க்கு நாலாவது ஊசி போட்டதிலிருந்து என் வீட்டுக்காரிக்கு எந்த வாசனையும் ஆகவில்லை. எடை 41. இன்னும் இறங்கினால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போடுவார்களாம். செவ்வாய்க்கிழமை எடை பார்க்கப் போக வேண்டும்.

எதுதான் தொண்டையில் இறங்கும் என்று கேட்டேன். கிழங்கான் மீன் குழம்பு என்றாள். சந்தைக்கு ஓடி வாங்கி வந்து வைத்தேன். ஐஸ் வாடையாம், தட்டைத் தள்ளிவிட்டாள். துள்ளுகிற மீன்தான் வேண்டுமாம். மகாராணி.

வாங்க: தங்கூஸ் நரம்பு, சின்னத் தூண்டில் முள், ஈயக்குண்டு, இரைக்கு இறால்.

19, வெள்ளி
கரையில் மூன்று மணி நேரம். முள் இரண்டு தடவை என் சட்டையில் மாட்டியது. மீனில் ஒரு தடவைகூட இல்லை. துறைமுக ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தும் தூண்டில் தொட்டதில்லை. பிறந்தது ஆற்றங்கரை வயல் ஊரில். பக்கத்தில் நின்ற அண்ணாச்சி, நாற்று நட வந்தவர் மாதிரி நிற்கிறீரே என்றார். சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிச்சல்.

பி. இரண்டு ஸ்பூன் கஞ்சி.

20, சனி
ஒரே ஒரு நண்டு. பொடிசு. விட்டுவிட்டேன்.

என் கழுத்து வெயிலில் உரிந்ததைப் பார்த்து பி. எண்ணெய் தடவினாள். விரல் எல்லாம் எலும்பு. பயமாக இருக்கிறது. அவளிடம் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன்.

21, ஞாயிறு
கரையில் ஆளே இல்லை. நல்லதாயிற்று என்று நினைத்தேன். ஆறு கிழங்கான்! வாளியோடு வீட்டுக்கு ஓட்டம்.

பி. வாளியைப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் சனங்கள் கிறிஸ்தவ மீனவர்கள், ஞாயிற்றுக்கிழமை கடலில் ஒரு முள்கூடப் போட மாட்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவன், மடையன், மறந்தே போனேன். நேற்றைய மீன் என்று புளுகவும் வழியில்லை, வாளியில் துள்ளுகிறது.

"அடுப்பு எரியாத நாள்லகூட எங்கப்பா ஞாயித்துக்கிழம கடல்ல இறங்குனதில்ல" என்றாள். கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை.

மீனை மாடி வீட்டுக்குக் கொடுத்தேன். மதுரைக்காரர்கள், அவர்களுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். பி. மாத்திரை, தண்ணீர். அவ்வளவே.

22, திங்கள்
நாளை எடை. விடிந்ததும் கிளம்பினால், பி. தலையில் முக்காடு போட்டுச் செருப்பு மாட்டி நிற்கிறாள். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா. ஆட்டோ பிடித்தேன்.

மணலில் உட்கார்ந்தாள். நான் ஓங்கி வீசுவதைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. கிழங்கான் காலடியில், அலை மடங்குகிற இடத்தில்தான் மேயுமாம். நான் அதைத் தாண்டி வீசிக்கொண்டிருந்திருக்கிறேன். நேற்று எதிர்க்காற்றில் கிட்டத்தில் விழுந்ததால்தான் ஆறு கிடைத்ததாம்.

எட்டரைக்குள் நாலு. மூன்று என்னுடையது. அவள் பிடித்தது ஒன்று, அதுதான் பெரிசு.

புளி குறைத்துக் குழம்பு வைத்தேன். முள் எடுத்து, சோற்றில் பிசைந்து ஊட்டினேன். ஒரு வாய். காத்திருந்தேன். இரண்டு. மூன்று. கண்ணை மூடிக்கொண்டாள். வாந்திதான் என்று பேசினை எடுக்க எழுந்தேன். கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறிய? இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."