ஒரு கட்டு முருங்கைக்கீரை

786

பேகம்பூர்,
திண்டுக்கல்.

அன்புத் தங்கை பெருமாயிக்கு, அக்கா ஜீனத் எழுதுவது. நானும் உன் அஸ்பாக் அண்ணனும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். நீயும் சங்கிலித் தம்பியும் சுகமா? வயிற்றில் இருக்கிறவர் சுகமா? அவரைத்தான் முதலில் கேட்க நினைத்தேன். முறைக்காக உன்னை முன்னால் போட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

போன் போட்டால் உன் நாத்தனார் எடுக்கிறாள். என் குரலைக் கேட்டதும் ராங் நம்பருங்க என்று வைத்துவிடுகிறாள். அந்த 'ங்க'வுக்கு மட்டும் குறைச்சலில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பத்தாவது வரை படித்ததற்கு இன்றைக்காவது ஒரு வேலை வந்ததே. காய்கறி வண்டி சேவியர் இதை உன் கையில்தான் கொடுப்பான். வேறு யாரிடமாவது கொடுத்தால் இந்த வீட்டில் இனி டீ கிடையாது என்று சொல்லி அனுப்புகிறேன்.

இங்கே எல்லாம் பழையபடிதான். பிரியாணிக் கடைக்கு வெங்காயம் உரிக்கிறேன். நீ இருந்தபோது ஒரு மூட்டையை இரண்டு பேரும் பேசிக்கொண்டே முடிப்போம், இப்போது பாதி மூட்டையிலேயே இடுப்பு விட்டுப் போகிறது. வெங்காயம் உரிப்பதில் ஒரு வசதி, எந்நேரம் அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பக்கத்தில் நீங்கள் இருந்த வீட்டில் புதுக் குடித்தனம் வந்துவிட்டது. நல்ல மனிதர்கள்தான். ஆனால் சுவரில் செல்வி கிறுக்கி வைத்திருந்த பூவையெல்லாம் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சேவியர் ஒரு பை கொண்டுவந்து வாசலில் வைத்தான். பெருமாயிக்கா குடுத்துச்சு, ஒண்ணும் சொல்லல, வண்டி கெளம்புற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்துச்சு என்றான். ஒரு வருஷமாக ஒரு சொல் இல்லாதவள் பை கொடுத்து அனுப்பியிருக்கிறாளே என்று வாசலிலேயே பிரித்தேன். மேலே முருங்கைக்காய். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கிறவள் காய் அனுப்புவது அதிசயமில்லை. அடியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை இருந்தது. வாடி, இலையெல்லாம் பையில் உதிர்ந்து கிடந்தது. திண்டுக்கல்லில் கிடைக்காத கீரையா பெருமாயி? தெருவுக்கு ஒரு மரம் நிற்கிறது. அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உதிர்ந்த இலையை ஒன்று விடாமல் பொறுக்கினேன்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றி உன்னிடம் நான் முழுசாகச் சொன்னதில்லை. என் மகனைப் பற்றிப் பேசாமல் அதைச் சொல்ல முடியாது, அதனால்தான். அவன் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டான். பேர் வைக்க ஏழாம் நாள் வரட்டும் என்று இருந்தோம். முகமது யாசின் என்று மனசுக்குள் மட்டும் வைத்திருந்தேன். பிள்ளை போனது பாலுக்குத் தெரியவில்லை, அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. மார் கட்டி, காய்ச்சலே வந்துவிட்டது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்று குர்ஷித் பேகம் மாமி பூ வாங்கிவந்து கட்டிவிட்டார்கள். ஊரில் மற்ற பெண்கள் தலைக்கு வைக்கிற பூவை நான் அதற்கு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

அப்போதுதான் நீ செல்வியைப் பெற்ற கையோடு வலிப்பு வந்து நினைவில்லாமல் கிடந்தாய். சங்கிலித் தம்பி பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டார். பவுடர் பாலைக் கொடுத்தால் கக்கினாள். ஒரு பகல் முழுக்க அழுகை. அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் அவள் அழ, இந்தப்பக்கம் எனக்குச் சேலையெல்லாம் நனைந்தது. எழுந்துபோய்த் தம்பியிடம் பிள்ளையை வாங்கினேன். கட்டை அவிழ்த்தால் பூ நசுங்கிப் பழுப்பாக விழுந்தது. உன் மகள் முதலில் மூக்கைச் சுளித்தாள். மல்லிகை வாடை ஆகவில்லை போல. ஈரத்துணியால் துடைத்துவிட்டு வைத்தேன். அப்புறம் பிடித்தாள் பார், விடவே இல்லை. என் மகனுக்காக என்னால் அழ முடிந்தது அன்றைக்குத்தான்.

உன் அண்ணன் அப்போதும் கேலியை விடவில்லை. யோசிச்சுக் குடு, அஞ்சு தடவ வயிறு நெறையக் குடிச்சிட்டா இவ நம்ம புள்ளதான், நாளைக்கு நமக்கு ஒரு பய பொறந்தா இவளுக்குத் தம்பியாயிருவான், பொண்ணு கேக்க முடியாது என்றார். எங்கள் மார்க்கத்தில் அப்படித்தான், பால் கொடுத்தவளும் தாய். நான் யோசிக்கவே இல்லை. மறுநாளிலிருந்து சங்கிலித் தம்பி வேலைக்குப் போகும் முன்னால் ஒரு கட்டு முருங்கைக்கீரை பறித்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். பால் ஊறும்க்கா, வெஞ்சனம் வச்சுச் சாப்பிடுங்க என்பார், முகத்தைப் பார்க்காமல். நீ தேறி வந்தபிறகும் பல மாதம் இரண்டு பேரிடமும் குடித்தாள். பேச வந்ததும் உன்னை அம்மா என்றாள், என்னை ஜீனத்தம்மா என்றாள். உன் அண்ணன் சொன்ன அந்தத் தம்பி பிறக்கவே இல்லை, உனக்குத் தெரியும். எனக்கு அவள் மட்டும்தான்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்ப்போம், கூலி போக வேண்டாம் என்று நீயும் நானும் சேர்ந்துதான் நினைத்தோம். நம்மைப் போன்றவர்கள் எல்லாருமே அப்படித்தான் நினைக்கிறோம், நிறையப் பிள்ளைகள் பிழைத்தும் விடுகின்றன. காய்ச்சல் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனால், மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் அவள் தலை உன் மடியில், கால் என் மடியில். கொடைரோடு தாண்டியபோது கால் சில்லிட்டது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. நீ அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாய். உனக்குச் சொல்லாமல் அந்தப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் உன் நாத்தனார் எல்லார் முன்னாலும் சொன்னாள். புள்ளயப் பறிகொடுத்தவகிட்டப் பால் குடிச்ச புள்ள எப்படீங்க தங்கும் என்றாள். நீ தலையைக் குனிந்தபடியே இருந்தாய். பதினாறாம் நாள் முடிந்ததும் ஒட்டன்சத்திரத்துக்கே போய்விட்டீர்கள். அழுது மரத்துப் போனவளுக்கு வாய் எப்படி வரும் என்று உனக்காக நானே எனக்குள் வாதாடுவேன். ஒருநாள் ஜெயிப்பேன், ஒருநாள் தோற்பேன். பெருமாயி, நீ அதை நம்புகிறாயா? இதை நேரில் கேட்க எனக்குத் தைரியமில்லை. என் பால் அவளைக் கொண்டுபோவதாக இருந்தால் ஏழு வருஷம் எதற்காகக் காத்திருந்தது? இரண்டாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் கிண்ணம் வாங்கினாளே, அது எந்தப் பாலில் ஓடிய ஓட்டம்?

இப்போது அந்தச் சொல் உன்னையே தேடி வந்திருக்கிறதாம். சேவியரின் மனைவி சந்தையில் உன்னோடு வேலை செய்கிறாளே, அவள்தான் சேவியரிடம் சொல்லியிருக்கிறாள். சொந்தத்தில் ஒரு பிள்ளையைத் தொட்டிலில் போட்டபோது உன்னைக் கூப்பிடவில்லையாம். பிள்ளை போனவள் கை படக்கூடாதாம். நீயும் அதை நம்பி, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்க மாட்டேன், டப்பா பால்தான் என்கிறாயாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைச் சொன்னபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. வேண்டாம் தாயி. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? பறிகொடுத்தவளின் பாலைக் குடித்துத்தான் செல்வி பிழைத்தாள். நானே சாட்சி.

சித்திரையில் உனக்கு நாள் என்றான் சேவியர். இங்கே பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிடு. ஒரு மணி நேர பஸ்தான். எங்கள் வீட்டில் இடம் சின்னதுதான், உனக்குப் புதிதா என்ன? நீ வர முடியாவிட்டால் நான் வருகிறேன். உன் நாத்தனாருக்குப் பயந்தால் வாசலில் நிற்கிறேன். பிள்ளையைத் தொட மாட்டேன், நீ பால் கொடுக்கிறதை மட்டும் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுப் போய்விடுவேன்.

பதில் எழுதச் சிரமப்படாதே. நான் வரலாம் என்றால் சேவியரிடம் இன்னொரு கட்டுக் கீரை கொடுத்துவிடு. வேண்டாம் என்றால் வெறும் காய் அனுப்பு. அதையும் குழம்பு வைத்துச் சாப்பிடுவேன், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. இல்லை, பொய் எழுதிவிட்டேன். வருத்தமாகத்தான் இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஊசி போடப் போகாமல் இருக்காதே. பிள்ளை பிறந்ததும் யார் மல்லிகைப்பூ கொண்டுவந்து நீட்டினாலும் வாங்காதே, தலைக்கென்றால் மட்டும் வாங்கு. உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். உன் மாரில் பால் நிறைய ஊறட்டும். இந்தத் தடவை சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிறவளைத் தேடவே வேண்டாத அளவுக்கு ஊறட்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

இப்படிக்கு,
செல்வியின்
ஜீனத்தம்மா