வாபஸ் வாங்கிய மனு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

பேத்திக்கு டாக்டர் படிப்பில் இடம் கிடைத்ததையும், பேரன் நீச்சலில் முதலாவதாக வந்ததையும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். ஐந்தாவதோடு நின்றவளின் பேரப்பிள்ளைகள் அல்லவா!

என்னை அங்கே அழைத்துக்கொள்ள நீ போட்ட மனுவுக்கு விசா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. "ரிஜெக்ட் பண்ணிட்டாங்கம்மா" என்று போனில் சொன்னாயே, அதுதான் என்று நினைத்து மருந்துக்கடைப் பெண்ணிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

"ரிஜெக்ட் இல்ல பாட்டி, வித்ட்ரான்னு போட்டிருக்கு. மனு போட்டவரே வாபஸ் வாங்கிட்டாராம்."

"அவனுக்கு ஆயிரம் வேலைடி, கை தவறி வாங்கியிருப்பான்" என்றேன். அவள் கடிதத்தை மடித்துக் கொடுத்தாள்.

வரப்போகிறேன் என்று கட்டிலைக்கூடக் கொடுத்துவிட்டேன். தரையும் நன்றாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகளின் புதுப் படம் ஒன்றைத் தபாலில் அனுப்பு. அதில் நீ நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா