குட்டிக்கு ஆகாத கிணற்றுத் தண்ணீர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் உடம்பு சொன்ன பேச்சு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, முழங்கால் மட்டும் அவ்வப்போது முரண்டு பிடிக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். குட்டிக்குத் தலை நிற்க ஆரம்பித்துவிட்டதா? போட்டோவில் அவள் மூக்கு அப்படியே உன் அம்மாவின் மூக்கு, உன் அம்மா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போயிருப்பாள், நான் யாரிடம் சொல்வது, பால்காரரிடம் சொன்னேன், அவர் "சரிங்க" என்று சைக்கிளை மிதித்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பிரஷர் பார்க்க வரும் நர்ஸம்மாவிடம், பேத்தி வரப்போகிறாள், புட்டிப்பால்தான் குடிக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். "கிணத்துத் தண்ணியா? பவுடர் கரைக்கிறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிடுங்க ஐயா" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது, கண்ணாடி மாதிரி தண்ணீர், ஒரு வாடை உண்டா நிறம் உண்டா. இருந்தாலும் குட்டி விஷயமாயிற்றே என்று ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு தண்ணீர் பரிசோதிக்கும் இடத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் நைட்ரேட் ரொம்ப அதிகம் என்றாள். பின்னால் வயலில் கொட்டுகிற உரம் மழையோடு இறங்கிக் கிணற்றில் சேர்ந்திருக்கிறதாம். பெரியவர்களுக்குச் சட்டென்று ஒன்றும் தெரியாதாம், கைக்குழந்தைக்குத்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் போகாமல் உதடும் நகமும் நீலம் பாய்ந்துவிடுமாம், உயிருக்கே ஆபத்தாம். நான் விடவில்லை, "அதுக்கென்னம்மா, பாதியா வத்துற வரைக்கும் காய்ச்சித்தானே குடுக்கப் போறேன்" என்றேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். தண்ணீர்தான் ஆவியாகப் போகுமாம், நைட்ரேட் போகாதாம், உப்பு மாதிரி தங்கி இன்னும் கெட்டியாகுமாம். நானோ ஒத்திகை பார்க்கிறேன் என்று அம்மாவின் பெரிய அண்டாவில் காய்ச்சிக் காய்ச்சி வற்ற வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அத்தனையையும் கொட்டிவிட்டு, கவிழ்த்த அண்டாவுக்குப் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சமையலறைக்கு ஆர்.ஓ. மிஷின் சொல்லியிருக்கிறேன். மாட்ட வேண்டியவன் யார் என்கிறாய், நம் பழைய பிளம்பர் 'இதோ வந்துட்டேன்'தான், பெயர்தான் அப்படி, ஆள் வந்தபாடில்லை. மாட்டிய பிறகும் தண்ணீரை இன்னொரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டுமாம். "கேன் தண்ணி வாங்கிக்கலாம்பா, இதுக்குப் போயா" என்று நீ சொல்வாய் என்று தெரியும். நானும் அப்படித்தான் நினைத்துக் கேன் வாங்கி வைத்தேன். நேற்று டீயைக் குடித்து முடித்த பிறகு பார்க்கிறேன், கேன் மூடி பிரிக்காமலே இருக்கிறது, குழாயில் வருகிற கிணற்றுத் தண்ணீரில்தான் போட்டிருக்கிறேன். காலமெல்லாம் பஸ் ஓட்டினவன் கை, மூளையைக் கேட்காமலே கியருக்குப் போகும், குழாய்க்கும் அப்படித்தான் போகிறது. நீ அசந்து தூங்கும்போது குட்டி பசியில் வீறிட்டால் இந்தக் கைதானே புட்டியை எடுக்கும். இதை நம்பி அவளைக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை அம்மா.

அதனால் இப்போது நீ வர வேண்டாம். உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டாயிற்று, தொட்டில் கூடத்தில் இருக்கிறது, காலையில் எழுந்ததும் அதை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகிறேன். வீடு எனக்கு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. சாயங்காலத்தில் ரேடியோவைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு இங்கே உட்கார்ந்து கேட்கிறேன், யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், குட்டியை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும், வேறு ஆசை ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் பெண் தண்ணீர் சரி என்று சொல்லட்டும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அங்கே உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வீட்டுக்காரரைக் கேள், கிணறு என்றால் சோதிக்காமல் ஒரு சொட்டும் குட்டிக்குக் கொடுக்காதே. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, முதலில் டிக்கெட்டை ரத்து செய், அதற்குப் பிறகு போன் பண்ணு. அதற்கு முன்னால் உன் குரலைக் கேட்டால் வா என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா