பாதி ரொட்டியும் என் கட்டுரையும்

உன் தங்கை நேற்று ஒரு பையைக் கொண்டுவந்து தந்தாள். திறந்ததும் பூச்சி உருண்டை வாசம். உள்ளே நீ படம் காட்டத் திரையாகக் கட்டும் துணி மடித்திருந்தது. இரண்டு படுக்கை விரிப்புகளைச் சேர்த்து நீயே தைத்தது. "அக்கா இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ" என்றாள். நீ போனபின் ஒரு வருடமாக அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லையாம்.

நாம் இருவரும் மன்னார்க் கரையோரம் கீரி என்ற ஊரில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் பல்கலைக்கழகத்தில் சினிமா கற்பிக்கப் போனேன். நீ மன்னாரில் ஒரு கந்தோரில் கோப்பு எழுதும் வேலை செய்தாய். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் ஊருக்குப் படம் காட்டினாய். கடற்காற்றில் துணி உப்பும்போது திரையில் இருப்பவர்களின் கன்னமும் உப்பும். எல்லோரும் சிரிப்பார்கள். நீ மட்டும் ஓடிப்போய்த் துணியின் அடியில் கல் வைப்பாய்.

ஒரு சனிக்கிழமை நீ காட்டியது தூர தேசத்துப் படம். தனியே வாழும் ஒரு கிழவர் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை உண்கிறார். மறு பாதியை அலுமாரியில் வைக்கிறார். அந்த இடத்தில் நீ அழுதாய். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். உன் கையைப் பிடிக்கவில்லை. மனதுக்குள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குறிப்பு கட்டுரையானது. மன்னாரில் நடந்த கருத்தரங்கில் அதை வாசித்தேன். 'போருக்குப் பிந்தைய பார்வையாளரின் உடல், இன்மையின் கூட்டு நினைவை நிகழ்த்துகிறது' என்ற வரியில் எனக்கு எவ்வளவு பெருமை! நீ மூன்றாவது வரிசையில் இருந்து கேட்டாய். திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தினாய்.

"நீ வாசிச்சதில வாற பார்வையாளர் நான்தானே?"

ஓம் என்றேன். பெயர் போடவில்லையே என்றும் சொன்னேன்.

"பேரை விடு. அவள் ஏன் அழுதவள் எண்டு நீ ஒருக்காக்கூடக் கேக்கேல்லையே."

அப்போதாவது கேட்டிருக்கலாம். நானோ, கோட்பாடு தனி ஆட்களைப் பற்றியது அல்ல என்று விளக்கத் தொடங்கினேன். நீ முழுவதையும் கேட்டுவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாய். அதன்பின் நாலு மாதம் நான் கீரிப் பக்கமே வரவில்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் வந்தேன். படம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது, ஏன் அழுதாய் என்று கேட்டேன். நீ நிமிராமலே சொன்னாய். சிறு வயதில் போருக்குத் தப்பிப் படகில் இந்தியாவுக்குப் போனபோது, அம்மா படகைத் தவறவிட்டுக் கரையிலேயே நின்றுவிட்டாராம். அடுத்த படகில் வருவார் என்று, அகதி முகாமில் அப்பா தன் ரொட்டியில் பாதியை எடுத்து வைப்பாராம்.

"அந்தப் பாதியை நான் களவாத் திண்டனான். ஒரு நாள் இல்லை, கனநாள். அப்பாவுக்குத் தெரியும். அவர் கேக்கேல்லை."

கூட்டு நினைவு என்று நான் எழுதியது உன் வெட்கத்தை. பசித்த ஒரு பிள்ளையின் வெட்கம். அம்மா வந்தாரா என்று நான் கேட்கவில்லை; அவர் வரவேயில்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

உன்னை முழுவதுமாக எடுத்துவிட்டுக் கட்டுரையைத் திருப்பி எழுதினேன். கோட்பாட்டு ஆழம் போதாது என்று அது ஆய்விதழிலிருந்து திரும்பி வந்தது. இந்தத் துறையே வெறும் சொற்குப்பை என்று உன்னிடம் பொரிந்தேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"படத்தில காட்டாததும் படத்துக்குள்ள வேலை செய்யுது எண்டு எழுதினனீ. அது உண்மை. அலுமாரி திறக்கேக்க நான் அப்பாவைத்தான் பாத்தனான். அதை வை. மிச்சத்தைத் தமிழில எழுது."

மிச்சமும் தமிழில்தான் இருக்கிறது என்றேன். அப்படியா என்று கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தாய்.

போன வருடம் ஆஸ்பத்திரியில், உன் கடைசி நாட்களில், வெளிச்சம் உன் கண்ணுக்கு ஆகவில்லை. ஒரு படம் சொல்லும்படி கேட்டாய். "இந்தப் படத்தில் காலம் என்பது..." என்று தொடங்கினேன். நீ கையைத் தூக்கி மறித்தாய்.

"ஆர் நிக்கினம், எங்க நிக்கினம், அதைச் சொல்லு."

ரயில் நிலையத்தில் ஒரு பெண் நிற்கிறாள், கூடையில் ஒரு கோழி வைத்திருக்கிறாள் என்றேன்.

"கோழி என்ன நிறம்?"

வருடக்கணக்காக வகுப்பில் காட்டிய படம். அந்தக் கோழியைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியும் இருக்கிறேன். நிறம் தெரியவில்லை. பார்த்துவிட்டு நாளைக்கு வந்து சொல்கிறேன் என்றேன். நீ சரி என்று கண்ணை மூடிக்கொண்டாய். விடிய நான் வந்து சேர்வதற்குள் உன் கட்டில் வெறுமையாகிவிட்டது.

செம்மண் நிறம். கழுத்தில் ஒரேயொரு வெள்ளை இறகு.